பூச்சிப் புத்தகமும் நாலு வயசுக் கேள்விகளும்

சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்குற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், என் கிளாஸ் அலமாரியில அட்டை பிஞ்சு டேப் மேல டேப் போட்டு ஒட்டின புத்தகம்னா அது பூச்சிப் படப் புத்தகம்தான். சிங்கம் புலி புத்தகமெல்லாம் இன்னும் புதுசு மாதிரியே இருக்கு. சிங்கத்தை நேர்ல பாத்த பிள்ளை எத்தனை இருக்கும், ஆனா எறும்பைப் பாக்காத பிள்ளைன்னு ஒண்ணு உண்டா? பக்கத்தைத் திருப்பினதுமே "மிஸ் இது எங்க வீட்டு பாத்ரூம்ல இருக்கு"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சிடுவான், அப்புறம் நான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அதுல அச்சடிச்சிருக்குற வரிகளை நான் வாசிக்கிறதே இல்ல. படத்தைக் காட்டிட்டு "என்ன பண்ணுது?"ன்னு மட்டும் கேப்பேன். 1988ல ஒயிட்ஹர்ஸ்ட்ங்கிற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் ஒரு ஆய்வு செஞ்சாங்க, ரெண்டு மூணு வயசுப் பிள்ளைங்களோட அம்மா அப்பாவ, படப் புத்தகம் வாசிக்கும்போது கேள்வி கேட்டு, பிள்ளை சொல்றதை இன்னும் கொஞ்சம் நீட்டி திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. ஒரே மாசத்துல அந்தப் பிள்ளைங்க பேச்சுல முந்திட்டாங்க. எனக்கு இதைப் படிச்சப்போ ஆச்சரியமே இல்ல, ஏன்னா எங்க கிளாஸ்ல வாயே திறக்காத பிள்ளை ஒண்ணு முதன்முதலா முழு வாக்கியம் பேசினது கரப்பான் மீசையைப் பத்திதான்.

எங்க புத்தகத்துல எறும்புக்கு மூணு உருண்டை, உருண்டைக்கு ரெண்டு கால்னு பிரிச்சு வரைஞ்சிருக்காங்க. மொத்தம் ஆறு, கணக்கு சரி, படம் தப்பு. பூச்சிக்கு ஆறு காலும் நடு உருண்டையில, அதாவது மார்புலதான் இருக்கும், வயித்துல கால் கிடையாது. அச்சுல வந்த தப்பை பிள்ளைங்ககிட்ட மறைக்கணும்னு எனக்குத் தோணல. ஒரு எறும்பை வெள்ளைத் தட்டுல விட்டு லென்ஸைக் குடுத்து "புக்ல இருக்குற மாதிரியே இருக்கான்னு பாருங்க"ன்னேன். அது தட்டு விளிம்பைச் சுத்தி ஓடுது, லென்ஸை வச்சிக்கிட்டு ஒரு பொண்ணும் தட்டைச் சுத்தி ஓடுறா, கடைசியில கோவமா "இது நிக்கவே மாட்டேங்குது மிஸ், புக் எறும்புதான் நல்ல எறும்பு"ன்னுட்டா. எனக்கு சிரிப்பு வந்தாலும் படப் புத்தகம் எதுக்குன்னு அவ சரியாத்தான் சொல்லிட்டா, நிஜப் பூச்சி நமக்காக நிக்காது, படம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கும். அப்புறம் அந்த எறும்பு ஒரு சர்க்கரைத் துணுக்கு கிட்ட நின்னப்போ இன்னொருத்தன் குனிஞ்சு பாத்துட்டு "எல்லாக் காலும் நடுவுலதான்"னு கத்தினான். பென்சிலை எடுத்து புத்தகத்துல தப்பான கால்களை அடிச்சு, நடு உருண்டைக்கு ஆறு கோடு போட்டாங்க, ஒண்ணு கொஞ்சம் தலை மேல போயிடுச்சு, பரவாயில்ல. அதே புத்தகத்துல சிலந்தியும் உக்காந்திருக்கு, எட்டுக் காலை எண்ணி "இது வேற பார்ட்டி"ன்னு அவங்களே தள்ளி வச்சிட்டாங்க.

பயம் இன்னொரு விஷயம். ஒரு பையன் கரப்பான் பக்கம் வந்தா படத்துல விரல் படாம பேப்பரோட ஓர நுனியை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சுத் திருப்புவான். படம்தானேடான்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, நமக்கே சில பேருக்கு அப்படித்தான். அந்தப் பக்கத்தை சும்மா திறந்தே வச்சேன். மொதல்ல காலை மட்டும் தொட்டான், அப்புறம் மீசை, ஒரு நாள் உள்ளங்கையால முழுசா மூடி "பிடிச்சிட்டேன்"ன்னான். நிஜக் கரப்பானுக்கு இன்னும் நாற்காலி மேல ஏறுறவன்தான், அது இருந்துட்டுப் போகட்டும்.

புத்தகம் சறுக்குற இடம் நேரம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி, நாலு பக்கம், ஒரு நிமிஷம், முடிஞ்சது. நிஜத்துல இதுக்கு வாரக்கணக்காகும், கூட்டுக்குள்ள புழுவோட உடம்புல நிறைய கரைஞ்சு புதுசா கட்டப்படுது. "உள்ள தூங்குதா?"ன்னு கேட்டாங்க, இல்ல வேலை நடக்குதுன்னேன். அடுத்த கேள்வி, "வெட்டுக்கிளி ஏன் கூடு கட்டல?" நல்ல கேள்வி, ஏன்னா வெட்டுக்கிளிக் குஞ்சு பிறக்கும்போதே இறக்கை இல்லாத குட்டி வெட்டுக்கிளி மாதிரிதான் இருக்கும், தோலை உரிச்சு உரிச்சு பெருசாகும், கூட்டுப்புழுங்கிற கட்டமே அதுக்குக் கிடையாது. நிறைய படப் புத்தகங்கள் வண்ணத்துப்பூச்சியை மட்டும் காட்டிட்டு விட்டுடுதுங்க, அதனால எல்லாப் பூச்சியும் கூடு கட்டும்னே பிள்ளைங்க நினைச்சுக்குதுங்க.

இன்னொரு குறை, புழுவை ஏதோ ஒரு பச்சை இலை மேல வச்சு வரைஞ்சிடுறாங்க. கண்ட இலையைத் தின்னாத புழுக்கள் எத்தனையோ இருக்கு, அதுக்குன்னு ஒரு செடி இல்லன்னா அது பட்டினிதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே மரியா சிபில்லா மெரியன்னு ஒரு ஓவியர் 13 வயசுல பட்டுப்புழு வளக்க ஆரம்பிச்சு, பின்னாடி புழு, கூடு, பறக்குறது எல்லாத்தையும் அது தின்னுற செடியோட சேத்து ஒரே படத்துல வரைஞ்சாங்க. சேத்துல இருந்து தானா பூச்சி பிறக்குதுன்னு பலர் நம்பின காலம் அது. இப்ப வர்ற புத்தகங்கள்ல அந்த அக்கறை குறைவுன்னுதான் நான் சொல்லுவேன், கண்ணுக்கு கண்மை போட்டு சிரிக்க வைக்கிறதுல காட்டுற சிரத்தை செடியில இல்ல.

பெத்தவங்க சில பேருக்கு வருத்தம், புக்கை முடிக்கவே மாட்டேங்கிறீங்களேன்னு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்னு நான் பிடிவாதமாத்தான் இருக்கேன். வண்ணத்துப்பூச்சி காலால ருசி பாக்கும்னு சொன்ன அன்னிக்கு செருப்பைக் கழட்டிட்டு தரையை மிதிச்சு "உப்பு, உப்பு"ன்னு கிளாஸே ஆடுச்சு, அன்னிக்கு ரெண்டாவது பக்கத்துக்கு எங்க போறது.

இப்ப ஓடிக்கிட்டிருக்கிற வேலை அளவு. புத்தகத்துல எறும்பும் வண்டும் ஒரே சைஸ், ரெண்டும் பக்கம் முழுக்க. அதனால ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் நிஜ அளவுல ஒரு படம் நாங்களே வரைஞ்சு ஒட்டுறோம். தும்பிக்கு சுலபமா முடிஞ்சது. எறும்புக்கு ஒரு புள்ளி வைக்கணும், எந்த எறும்புன்னு சண்டை, கருப்பா சிவப்பான்னு. ரெண்டு புள்ளியும் வச்சாச்சு, அதுல சிவப்பு கொஞ்சம் பெருசாயிடுச்சுன்னு இன்னும் புகார் வந்துக்கிட்டே இருக்கு.