கோச்சின் பட்டியலில் நம் பிள்ளை எத்தனையாவது?

தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது என்னிடம் இப்போதெல்லாம் வரும் கேள்வி, "உங்க பொண்ணு ஸ்விம்மிங்லதானே காலேஜ் போனா? ஸ்காலர்ஷிப் எவ்வளவு?" என்பதுதான். ஒரு டாலர்கூட இல்லை. அவள் சேர்ந்தது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று மட்டங்களில் கடைசியான மூன்றாம் டிவிஷனில் இருக்கும் ஒரு கல்லூரி. அந்த டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்க விதியே இடம் தராது. ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீகின் 8 பல்கலைக்கழகங்களும் முதல் டிவிஷனில் ஆடுகின்றன என்றாலும் அங்கேயும் இதே கதைதான். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி மட்டும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட், டியூக் போன்றவை விளையாட்டுக்கே பணம் தரும். ஆனால் அந்த மட்டத்துக்கு வேண்டிய வேகம் எங்கள் பெண்ணிடம் இல்லை. படிப்பில் கெட்டியான கல்லூரிகளில் விளையாட்டால் நமக்குக் கிடைக்கக்கூடியது, அட்மிஷன் அலுவலகத்தில் நம் பிள்ளைக்காகப் பேச ஓர் ஆள், அதாவது அணியின் கோச். அவ்வளவுதான்.

அந்த ஆளின் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று ஹார்வர்ட் மீது தொடுத்த வழக்கில் வெளியே வந்தது. விண்ணப்பித்தவர்களில் ரெக்ரூட் ஆனவர்கள், அதாவது கோச் தன் அணிக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்கள், 1 சதவீதம்கூட இல்லை. இடம் கிடைத்தவர்களில் அவர்கள் 10 சதவீதத்துக்கும் மேல். அப்படி விண்ணப்பித்தவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை நாளைக்கே ஃபென்சிங்கில் சேர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சலித்து எடுக்கப்பட்டவர்களின் கணக்கு அது. சல்லடையில் நிற்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

கோச்சால் அட்மிஷன் கொடுக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அலுவலகத்துக்குச் சில பெயர்களைக் கொடுத்து "இவர்கள் எனக்கு வேண்டும்" என்று சொல்லலாம். அந்தப் பெயர்கள் மிகக் குறைவு. அவர் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளோ அதைப்போலப் பல மடங்கு. எனவே அவர் நன்றாகப் பேசுகிறாரா என்பதில் மயங்காமல், அந்தப் பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீச்சலில் ஒரு வசதி, எல்லாமே வினாடிக் கணக்கு. 100 யார்டு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் என் மகளின் நேரம் 1:04. நீச்சல் நேரங்களைத் தொகுத்துத் தரும் ஸ்விம்கிளவுட் தளத்தில் கல்லூரியின் கான்ஃபரன்ஸ் (அது ஆடும் கல்லூரிக் குழு) போட்டி முடிவுகளை எடுத்து, அந்தப் பிரிவில் புள்ளி வாங்கிய கடைசி ஆளின் நேரத்தைப் பாருங்கள். நம் பிள்ளை அதற்குப் பக்கத்தில் இருந்தால் கோச் பதில் போடுவார். அடுத்து, அணியில் அதே ஸ்ட்ரோக் நீந்துகிறவர்கள் யார், யார் எப்போது படிப்பை முடித்துப் போகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரர்கள் கிளம்பும் கல்லூரியில் 1:04-க்கு இருக்கும் மதிப்பு, போன வருடம்தான் மூன்று பேரை எடுத்த கல்லூரியில் இருக்காது. டென்னிஸ், ஸ்குவாஷில் ரேங்கிங்கை வைத்து இதையே செய்யலாம். கால்பந்து மாதிரி அணி ஆட்டங்களில் வீடியோ, கேம்ப் என்று கதை வேறு; அது எனக்குப் பழக்கமில்லை.

மின்னஞ்சலைப் பிள்ளைதான் எழுத வேண்டும். "நான் எழுதித் தரட்டுமாம்மா?" என்று கேட்டதற்கு, "அப்பா, கோச் உங்களையா ரெக்ரூட் பண்றார்?" என்றாள். நியாயம்தான். நேரங்கள், மதிப்பெண்கள், அந்தக் கல்லூரியில் என்ன படிக்க ஆசை என்று நாலைந்து வரி போதும். முதல் டிவிஷனில் பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன்னால் கோச் பதில் எழுதவோ பேசவோ கூடாது என்பது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. அதற்கு முன் பதில் வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம்.

காரியம் சூடு பிடிப்பது பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில். அப்போதுதான் கோச் ப்ரீ-ரீடுக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு முந்திய முன்பார்வைக்கு, காகிதம் கேட்பார்: டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்), எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள், பள்ளியின் விவரக் குறிப்பு. அட்மிஷன் அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துவிட்டு வாய்ப்பு எப்படி என்று கோச்சிடம் சொல்வார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்வதுதான் பரவலான வழக்கம். பச்சை வந்தால் வீட்டில் பாயசம் வைக்க வேண்டாம். 'இவளுக்காக நீ பேசினால் கேட்போம்' என்பது மட்டுமே அதன் பொருள். கோச் பேசப்போகிறாரா என்பது அடுத்த கேள்வி, பலர் கேட்காமல் விடும் கேள்வியும் அதுதான்.

எங்கள் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்ட இரண்டு அழைப்புகளைச் சொல்கிறேன். முதல் கோச், "நீ அப்ளை பண்ணினா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம், எங்க டீமுக்கு நீ பொருத்தமா இருப்பே" என்றார். (எர்லி டெசிஷன் என்பது, இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்.) மகள் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள்: "எர்லி டெசிஷன் போட்டா அட்மிஷன்ல உங்க முழு சப்போர்ட் எனக்கு உண்டா? கடந்த சில வருஷத்துல நீங்க அப்படி சப்போர்ட் பண்ணவங்கள்ல யாருக்காவது இடம் கிடைக்காம போயிருக்கா?" அவர் பருவநிலை, புது நீச்சல்குளம், அட்மிஷன் யார் கையிலும் இல்லை என்று ஊரைச் சுற்றினார். இன்னொரு கல்லூரியின் கோச் அதே கேள்விக்கு, "என் முழு சப்போர்ட்டில் ஒன்று உனக்கு. செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்" என்றார். முதல் கல்லூரிக்குத்தான் பெயர் பெரிது. பெண் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

கோச் ஏன் எர்லி டெசிஷன் கேட்கிறார்? கையில் உள்ள சில வாய்ப்புகளில் ஒன்றை நமக்காகச் செலவழித்துவிட்டு, ஏப்ரலில் நாம் வேறு கல்லூரிக்குப் போனால் அவருக்கு நஷ்டம். எர்லி டெசிஷனில் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் முடிவு. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மாணவி, பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கொலம்பியா, பென், பிரவுன், டார்ட்மத், கார்னெல் இந்த வகை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், கட்டாயம் இல்லை. ஐவியில் ரெக்ரூட் ஆகிறவர்களுக்கு அக்டோபரிலிருந்து 'லைக்லி லெட்டர்' என்ற கடிதம் வரலாம். அது அட்மிஷன் அலுவலகமே அனுப்புவது, அதை நம்பலாம். மூன்றாம் டிவிஷனில் பொதுவாக அப்படி எதுவும் கிடையாது, கோச்சின் வார்த்தைதான். எம்ஐடியில் கோச் பரிந்துரைக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்பதை அங்கே முயல்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் பணம். எர்லி டெசிஷனில் நாலு கல்லூரி உதவித்தொகையை வைத்து ஒப்பிட முடியாது. கல்லூரித் தளத்திலேயே 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும். வருமானம், சேமிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல், உதவித்தொகை அலுவலகம் முன்கூட்டியே ஒரு மதிப்பீடு தருமா என்று கோச்சிடம் கேளுங்கள். ரெக்ரூட்களுக்குப் பல கல்லூரிகள் செய்து தரும். கொடுக்கும் உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது உண்மை. ஆனால் அப்போது டிசம்பர் பாதி போயிருக்கும்.

அந்த அணியே இல்லாமல் போனாலும் பிள்ளைக்கு அந்தக் கல்லூரி பிடிக்குமா என்றும் பாருங்கள். வீண் பயம் இல்லை இது. 2020-இல் பிரவுன் தன் ஸ்குவாஷ் அணிகளை கிளப் மட்டத்துக்கு இறக்கியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்து, மறு ஆண்டு பின்வாங்கியது.

சென்னையில் ஸ்குவாஷ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் இந்த வழியை விசாரிக்கிறார்கள். இந்திய ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் ஆடியவர், ஆக பாதை புதிதல்ல. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் கூடுதல். கல்லூரி ஸ்குவாஷ் என்சிஏஏவின் கீழ் வருவதில்லை, அதற்குத் தனிச் சங்கம் இருக்கிறது. எனவே நான் மேலே சொன்ன தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்தந்தக் கோச்சிடம் கேளுங்கள். மற்றது பணம். பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அதையும் கணக்கில் வைத்தே முடிவெடுக்கும். ஆம்ஹர்ஸ்ட், போடன், டார்ட்மத் போன்ற சிலதான் விதிவிலக்கு. "கோச்சை எனக்குத் தெரியும், இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் கல்லூரி சேர்க்கை ஆலோசகராக இருந்த ரிக் சிங்கர் அப்படித்தான் போலி விளையாட்டு வீரர்களை உருவாக்கி விற்று, 2019-இல் பிடிபட்டு, பின்னர் சிறைக்குப் போனார்.

செப்டம்பர் முடிந்தும் எந்தக் கோச்சும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால், அந்த எர்லி விண்ணப்பத்தைப் பிள்ளைக்கு மிகவும் பிடித்த கல்லூரிக்கு, விளையாட்டை எண்ணாமல் போடுங்கள். தெளிவாகச் சொன்னவரை நம்பிப் போட்டிருந்தாலும், மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளை நவம்பரிலேயே எழுதி முடித்து வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் நடுவில் 'இல்லை' என்று வந்தால் ஜனவரி தொடக்கத்துக் கெடுவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கும், அதிலும் பாதி நாள் பள்ளி கவுன்சிலர் விடுமுறையில் இருப்பார்.