பறவையோடு மலையும் விழட்டும்

ஐப்பசி பிறந்ததும் கன்னியாகுமரிப் பக்கம் சுசீந்திரம் குளக்கரையில் பறவைகளைப் படமெடுக்கக் காமிராக்களோடு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் பக்கத்தில் ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம் என்றுதான் தோன்றும். பாதிப் பேர் கையில் தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 600 எம்எம் லென்ஸ். எனக்கும் வாங்க ஆசைதான், வீட்டில்தான் சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் அதில் எடுத்துப் போடுகிற படங்களில் பலதும் எனக்குப் பிடிப்பதில்லை. மஞ்சள் மூக்கு நாரையின் கண் தெரியும், இறகின் நரம்பு வரைக்கும் தெரியும், பின்னால் வழவழவென்று ஒரு பச்சை. இது பக்கத்துத் தேரூரா வேடந்தாங்கலா என்று கேட்டால் எடுத்தவரே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

என் கட்சி வேறே. பறவை சின்னதாகவே இருக்கட்டும், பின்னால் மருந்துவாழ் மலை விழட்டும். இதற்கு அவ்வளவு கிட்டே இழுக்காத 70-300 எம்எம் லென்ஸே தாராளம். மலை நமக்குக் கிழக்கு, தென்கிழக்காக இருப்பதால் காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், படம் வெளிறிப்போகும். சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். இந்த மாதங்களில் அந்த நேரத்துக்குக் கிழக்கே மேகம் கறுத்து நிற்கும், மேற்கே மட்டும் கொஞ்சம் வெயில் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நாரைகள் கூட்டமாகப் பறந்தால் கறுப்பு வானத்தில் வெள்ளைச் சிறகு தனியாக எரியும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விழுகிற வெளிச்சத்தைப் பாதியாகக், குறைக்காவிட்டால் வெள்ளை வெந்து போகும், எந்த எடிட்டிங்கிலும் திரும்ப வராது. கும்பப்பூ நெல் சாகுபடிக்கு உழுகிற வயலில் டிராக்டர் பின்னாலேயே ஓடுகிற உண்ணிக்கொக்குக்கும் இதே கணக்குதான். நம்ம மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தில் நேர் எதிர். சுற்றிலும் வெள்ளை என்பதால் காமிரா தானாகவே படத்தை மங்கலாக்கிவிடும், அங்கே கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

முதல் தடவை வருகிறவர்கள் ஏமாறுவது வேறொரு இடத்தில். புத்தகத்தில் பார்த்த அழகு இப்போது பறவைகளிடம் இருக்காது. நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீள வால் இனப்பெருக்க காலத்தில்தான், இப்போது தாமரை இலை மேல் வாலில்லாமல்தான் நடக்கும். மீசை ஆலாவின் கறுத்த வயிறும் வெளுத்திருக்கும். வடக்கே எங்கெங்கோ இருந்து வருகிற நீலச்சிறகி வாத்தில் ஆணும் பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும், கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைப் பட்டை தெளிய மாசி ஆகிவிடும். அழகான ஆண் வாத்துதான் வேண்டும் என்றால் அப்போது வந்து எடுங்கள், ஊருக்குத் திரும்புகிறதுக்கு முன்னால்.

கிட்டே போய் எடுக்கிற விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். தேரூர் பக்கம் ஒருத்தர் 'பறக்கிற ஷாட்' வேண்டும் என்று கல்லை விட்டெறிந்தார். குளத்தில் தாமரை பறித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "மக்கா, அது அவ்வளவு தூரத்திலேருந்து வந்து இப்பதான் உக்காந்திருக்கு, கொஞ்சம் இரிக்க விடு" என்றார். ஆள் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுசீந்திரம்–தேரூரும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் என்கிற உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும், பெருமையாகப் பகிரவும் செய்கிறோம். கல்லெறியாமல் இருக்க அது ஒன்றும் தேவையில்லை, சரி, விடுங்கள்.

காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே இருந்து எடுத்துப் பாருங்கள். காரைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை, கதவைத் திறந்து இறங்கினால்தான் கிளம்பும். உப்பளத்தில் மட்டும் கார் வரப்பில் ஏறாது, வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு நடந்து போக வேண்டும். நெடுங்கால் உள்ளான்கள் அங்கே எப்படியும் இருக்கும், பூநாரை உங்கள் அதிர்ஷ்டம். திரும்பி வந்ததும் லென்ஸை லேசான ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள், இந்தக் கடற்காற்றின் உப்பு ரெண்டு சீசனில் லென்ஸைத் திருப்புகிற வளையத்தை இறுக்கிவிடும்.