புது ஜாஸ் ஆல்பமா? முதலில் டிரம்ஸைக் கேளுங்கள்

புது ஜாஸ் ஆல்பம் வந்ததும் பெரும்பாலானவர்கள் சாக்ஸபோன் சோலோவைத் தேடிப் போகிறார்கள். ஆனால் ஹிப் ஹாப் கேட்டு வளர்ந்த தலைமுறை ஜாஸ் வாசிக்க வந்தபிறகு மாறியது டிரம்ஸ்தான். சோலோவுக்கு அப்புறம் வரலாம். முதல் முறை கேட்கும்போது கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (படபடவென்று ஒலிக்கும் சின்ன டிரம்), ஹை-ஹாட் (ஒன்றன்மேல் ஒன்றாக மூடித் திறக்கும் இரு தட்டுகள்) மூன்றை மட்டும் பின்தொடருங்கள்.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள டெட்ராய்டின் ஹிப் ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லாவிடம் போயாக வேண்டும். அவர் பயன்படுத்திய அகாய் எம்.பி.சி.3000 என்ற தாள இயந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இயந்திரம் ஒரு பீட்டை 96 துளிகளாகப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் ஒரு பீட் 667 மில்லிசெகண்ட், ஒரு துளி சுமார் 7 மில்லிசெகண்ட். இரண்டு அடிகளில் முதலாவதை நீட்டி இரண்டாவதைத் தாமதமாக்குவதுதான் ஸ்விங். அதில் அதன் அளவு 50 முதல் 75 சதவீதம் வரை. பீட்டை நான்காகப் பிரித்து வாசிக்கிறோம் என்றால், 50-இல் முதல் இரண்டு அடிகளும் 167, 167 மில்லிசெகண்ட் என்று சமமாக நிற்கும். 54-இல் 180, 153. 66-இல் 220, 113; அங்கே ஆட்டம் பட்டென்று காதில் விழும். 54 அப்படியல்ல. காது கண்டுபிடிக்காது, கழுத்து கண்டுபிடித்துவிடும்.

டில்லா செய்தது இதற்கும் ஒரு படி மேலே. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விங்கில் வைக்காமல், ஒன்றை நேராகவும் இன்னொன்றைச் சாய்த்தும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார். ஸ்னேர் சற்று முந்தி விழும், கிக் சொல்லாமல் வந்து போகும். "குடிபோதையில் வாசித்தது போல" என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது சரியே இல்லை. எவ்வளவு முந்த வேண்டும் என்பது ஒவ்வொரு பாட்டிலும் கணக்காக வைக்கப்பட்டிருக்கிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி: வலது கையால் தொடையில் ஹை-ஹாட்டைத் தட்டுங்கள், இடது கையால் ஸ்னேரை. பாட்டு ஓடும்போது இரண்டு கையும் ஒட்டாமல் சண்டை போட்டால், அது டில்லா வழிவந்த தாளம்.

அடுத்து வந்த டிரம்மர்கள் இந்த இயந்திரத் தாளத்தைக் கையாலும் காலாலும் வாசிக்கப் பழகினார்கள். பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பரின் 'பிளாக் ரேடியோ' (2012) ஆல்பத்தில் கிறிஸ் டேவ் வாசிப்பதைக் கேளுங்கள். மனிதக் கை என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். டில்லா இறந்தபின் அவருடைய 'தி ஷைனிங்' ஆல்பத்தை முடித்துக் கொடுத்த கரீம் ரிகின்ஸ், ஜாஸ் பாஸ் கலைஞர் ரே பிரவுனின் குழுவில் வாசித்த டிரம்மர்.

எனக்கு இந்த வழியில் உச்சம் சிகாகோவின் டிரம்மர் மகாயா மெக்கிரேவன். 'இன் தி மொமென்ட்' (2015) ஆல்பத்துக்காகச் சிகாகோவில் ஒரே இடத்தில், 12 மாதங்களில் 28 நிகழ்ச்சிகள் அவரும் குழுவினரும் வாசித்தார்கள். எல்லாமே அந்தந்த இரவில் மேடையிலேயே பிறந்த இசை. பதிவானது கிட்டத்தட்ட 48 மணி நேரம். அதை வெட்டி, லூப் ஆக்கி (ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு), அடுக்கி 19 துண்டுகளாகச் சுருக்கினார். ஹிப் ஹாப் தயாரிப்பாளர் பழைய ரெக்கார்டில் செய்வதை, தான் வாசித்ததிலேயே செய்தார். 'யுனிவர்சல் பீயிங்ஸ்' (2018) அதே முறையில் நான்கு ஊர்களுக்குப் போனது: நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலஸ். ஊருக்கு ரெக்கார்டின் ஒரு பக்கம், ஊருக்கு ஒரு குழு. 2025-இல் வந்த 'ஆஃப் தி ரெக்கார்ட்' நான்கு இ.பி.க்களின் (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடுகளின்) தொகுப்பு.

எங்கே வெட்டியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே தனி இன்பம். சிம்பலின் (உலோகத் தட்டின்) நீண்ட ஓசையைக் கவனியுங்கள். இயல்பாகத் தேயாமல் சட்டென்று நின்றால் அங்கே ஒரு வெட்டு. பார்வையாளர் சத்தம் ஏதாவது நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை அப்படியே திரும்பி வந்தால் அது லூப். உண்மையில் திரும்ப வாசித்திருந்தால் ஸ்னேரின் பலம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது மாறும். தலைசுற்றுவது எங்கே என்றால், லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் உயிருள்ள டிரம்ஸ் ஏறும் இடத்தில்.

எதிர்த்திசையிலிருந்து வருபவர் காசா ஓவரால். டிரம்ஸும் வாசிப்பார், ராப்பும் பாடுவார். 2025-இன் 'கிரீம்' ஆல்பத்தில் ஹிப் ஹாப் பாடல்களை எடுத்து ஜாஸ் குழுவாக வாசிக்கிறார். மூலப் பாடலை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். இல்லையென்றால் பாதி சுவை போய்விடும்.

டிரம்ஸை முதலில் கேட்கும் வழி ஓரிடத்தில் உதவாது. ராக் மார்சியானோ, 2024-இல் மறைந்த கா போன்றவர்களின் ராப்பில் பல பாட்டுகளில் டிரம்ஸே கிடையாது, அல்லது இருப்பதும் தெரியாது. சாம்பிள் (பழைய ரெக்கார்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு) மட்டும் சுற்றும். அங்கே தாளத்தைச் சுமப்பது ராப்பரின் வாய். எந்த அசையில் மூச்சு வாங்குகிறார் என்று எண்ணுங்கள்.

இதெல்லாம் ஃபோன் ஸ்பீக்கரில் நடக்காது. டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது, கிக்கும் வெறும் டிக் சத்தமாகிவிடும். சாதாரண கம்பி இயர்ஃபோன் போதும். ஆப்பில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு துண்டு இன்னொன்றுக்குள் ஓடும் ஆல்பங்களை அது குலைத்துவிடும். ஷஃபிளும் வேண்டாம். வினைல் வாங்குபவர்கள் பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் ரெக்கார்டில் 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டிவரும். ஒலியளவும் பாஸும் குறையும்.

புது ரெக்கார்டுகள் வெள்ளிக்கிழமைகளில் வருகின்றன. அடுத்து எதைக் கேட்பது என்பதை ஆப்பின் பரிந்துரையிடம் விடாதீர்கள், வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் பக்கங்களில் பெரும்பாலும் அது முழுதாக இருக்கும். மெக்கிரேவனின் குழுவில் பாஸ் வாசிக்கும் ஜூனியஸ் பாலின் பெயரைப் பிடித்துப் போனால் 'இஸம்' (2019) கிடைக்கும். கிட்டார் ஜெஃப் பார்க்கரைப் பிடித்தால் 'தி நியூ பிரீட்' (2016). இரண்டில் பார்க்கருடையதை முதலில் கேளுங்கள்.