படம் எப்படி இருந்தது?

படம் முடிந்து விளக்கு போட்டதும் பின்வரிசை அம்மா தன் மகனிடம் கேட்டார்: "அந்த வாட்ச்மேனோட பொண்ணு என்னடா ஆனா? அப்புறம் காட்டவே இல்லையே!"

நாயகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டே காட்சிகளில் வந்துபோன பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

திரைக்கதையில் அறுந்துபோன இழை என்று விமர்சகர்கள் எழுதுவது இதைத்தான். அவர் அதை அக்கறையாகக் கேட்டார்.

சூடு ஆறுவதற்குள் வரும் இந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும். (வாசலில் மைக்கை நீட்டினால் வருவது வேறு பேச்சு.)

2003இல் 'அன்பே சிவம்' வசூலில் தோற்றது. பின்னாளில் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சமீபத்தில் என்ன பார்த்தீர்கள்? 'சூப்பர்', 'மொக்கை' என்று நிறுத்தாமல், மனசு எந்த இடத்தில் சிக்கியது என்று சொல்லுங்கள்.