ரெஃப்ரி காதுக்குள் யார்?

கோல் விழுந்து எல்லாரும் கத்தி முடித்தாயிற்று. ரெஃப்ரி மட்டும் காதில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். இன்று கால்பந்து மேட்ச்சில் பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காதுக்குள் பல குரல்கள். இரண்டு லைன்ஸ்மேன், நான்காவது நடுவர், எங்கோ ஓர் அறையில் திரை முன்னால் விஏஆர் எனும் வீடியோ நடுவர். போதாததற்கு லைன்ஸ்மேன் கொடியின் பிடியில் ஒரு பட்டன் வேறு. அழுத்தினால் ரெஃப்ரி கையில் கட்டியிருக்கும் கருவி அதிரும்.

இவ்வளவு இருந்தும் 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டத்தில் அந்தக் கூத்து நடந்தது.

லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு, அதாவது கோல் செல்லாது என்று கொடி தூக்கினார். விஏஆர் கோடு போட்டுப் பார்த்தார், ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு “செக் கம்ப்ளீட்” என்று முடித்துவிட்டார்.

ரெஃப்ரி என்ன புரிந்துகொள்வார்? மைதானத்தில் சொன்னதே சரி, ஆஃப்சைடுதான் என்று ஆட்டத்தைத் தொடரவிட்டார்.

முதலில் பதறியவர் ரீப்ளே ஓட்டுபவர். அதற்குள் ஃப்ரீகிக் எடுத்தாயிற்று. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் திரும்பிப் போக விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

அந்த ஒலிப்பதிவைப் பிறகு வெளியிட்டார்கள். கேட்டால் வயிறு கலங்கும்.

ரக்பியில் ரெஃப்ரி பேசுவது டிவியிலேயே கேட்கும். கால்பந்தில் 2023 பெண்கள் உலகக் கோப்பை போன்ற சில போட்டிகளில் விஏஆர் முடிவை மட்டும் மைக்கில் அறிவித்தார்கள். உள்ளே நடக்கும் பேச்சையும் நேரலையில் விடலாமே?

அன்றைக்கு விட்டிருந்தால் லிவர்பூல் ரசிகர்களே “யோவ், அவர் கோல் கொடுக்கலய்யா!” என்று கத்திச் சொல்லியிருப்பார்கள்.