காரைக்குடிச் சமையலும் பளுப்பயிற்சியும்: இதுவரை கண்ட மாற்றம்

தசையைக் கூட்டிக்கொண்டே கொழுப்பைக் குறைக்கும் முயற்சியைத் தொடங்கி ஓராண்டு நெருங்குகிறது. 78 கிலோவாக இருந்த என் உடல் எடை இப்போது 75 கிலோ. தராசு காட்டும் மாற்றம் இவ்வளவுதான் என்றாலும், தொப்புளை ஒட்டி டேப்பைச் சுற்றி அளந்தால் 38 அங்குலமாக இருந்த இடுப்பு முப்பத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டது. தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், 40 கிலோவில் தொடங்கி 85 கிலோவை எட்டியிருக்கிறது. மாவுச்சத்து கிளைகோஜனாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் தேங்குகிறது. அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் சேர்ந்து நிற்பதால், சோறு கூடுதலாக உண்ட மறுநாள் தராசு ஏறுவது இயல்பு. ஆகவே எடையைவிட டேப்பையே நான் நம்புகிறேன்.

புரதத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கை வைத்து நாளுக்குச் சுமார் 125 கிராம் என வகுத்துக்கொண்டேன். இட்லியும் சட்னியும் மட்டுமே கொண்ட காலை உணவில் அது ஏறவே ஏறாது என்பதால், இரண்டு இட்லியோடு மூன்று முட்டையைச் சேர்த்தேன். அதிலேயே இருபது கிராமுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. மதியம் கோழி, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் தொண்டிப் பக்கமிருந்து வரும் மீன். மீன் கிடைக்காத நாளில் சோயா உருண்டை கைகொடுக்கிறது. உலர்ந்த நிலையில் அதன் எடையில் பாதிக்குமேல் புரதம்தான்.

செட்டிநாட்டுச் சமையலை விட்டுவிட்டால்தான் உடம்பு இறங்கும் என்று பயிற்சிக்கூடத்தில் பலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. மிளகு, சோம்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம் எதுவும் கொழுப்பை ஏற்றுவதில்லை. கணக்கு எகிறுவது எண்ணெயில்தான். எங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி அளந்தபோது 60 மில்லி இருந்தது. ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி என்று பார்த்தால் அந்த ஒரு கரண்டியே ஏறத்தாழ 500 கலோரி. "எண்ணெயைக் குறைச்சா வாசம் வராதேப்பா" என்று ஆத்தா தயங்கினார்கள். அதனால் உப்புக்கறி என்னும் செட்டிநாட்டு ஆட்டுக்கறி வறுவலை வேறு முறையில் வைத்துப் பார்த்தோம். கறியோடு கிள்ளிய மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்து மூடி, அதன் சொந்தக் கொழுப்பும் நீரும் பிரிந்து வரும்வரை சிறுதீயில் வேகவிட்டு, சுண்டி இறக்கும் நேரத்தில் மட்டும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயை மேலே விட்டோம். இறுதியில் விடும் எண்ணெய்தான் வாசம் தருகிறது. ருசியில் குறை இல்லை என்று ஆத்தாவே ஒப்புக்கொண்டார்கள்.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள். சித்திரை வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பளுவை மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது), பார்பெல் ரோ (குனிந்தபடி பளுக்கம்பியை வயிற்றை நோக்கி இழுப்பது) ஆகியவையே அடிப்படை. எல்லா சுற்றுகளிலும் எட்டு முறை தூக்க முடிந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டுவது விதி. இந்தக் கூட்டல் நின்றுபோனால், உண்ணும் புரதம் எவ்வளவு இருந்தாலும் தசைக்கு வளர வேண்டிய காரணம் இல்லாமல் போய்விடுகிறது. அன்றாடத் தேவையைவிட 300 கலோரி மட்டுமே குறைவாக உண்பதும் இதற்காகத்தான். அதற்குமேல் குறைத்த வாரங்களில் டெட்லிஃப்ட் கம்பி தரையைவிட்டு எழ மறுத்தது.

கல்யாண வீடுகளில் கந்தரப்பம், கவுனி அரிசி ஆகிய இனிப்புகளை நான் மறுப்பதில்லை. பந்தியில் உட்காரும் நாள், காலையில் கால் பயிற்சி செய்த நாளாக இருக்கும்படி அமைத்துக்கொள்கிறேன். மற்ற இரு வேளைகளில் சோற்றைக் குறைத்து முட்டையும் மீனும் எடுக்கிறேன். இடுப்பு 33 அங்குலத்தை அடைந்ததும் இந்த 300 கலோரிக் குறைப்பை நிறுத்திவிட்டு, ஸ்குவாட்டை 100 கிலோவுக்குக் கொண்டுசெல்வதில் முழுக்கவனம் செலுத்த எண்ணியிருக்கிறேன்.