மலைக்கு எந்த மாதம் வண்டி எடுப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரே பேச்சு எழும். சித்திரை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. அப்போது யாராவது ஒருவன் ஆரம்பிப்பான்: "மச்சான், வண்டிய எடுத்துக்கிட்டு மலைக்கு எங்கயாச்சும் போலாமாடா?"

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் சாமி 1981-ல் திரும்பிவிட்டார். ஜலகண்டேஸ்வரர் இப்போது கோட்டைக்குள்தான் இருக்கிறார். பாலாறும் 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிக் காட்டியது. மரம் இல்லாத மலை மட்டும் அப்படியே இருக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் அந்த மொட்டைப் பாறைகள் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நம் மேல் கொப்பளிக்கும். சித்திரையில் மலை ஞாபகம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் நாலு பருவத்திலும் போய்ப் பட்ட பிறகு சொல்கிறேன், பைக்கில் போக அதைவிட மோசமான நேரம் கிடையாது.

முதல் தடவை ஏலகிரிக்குப் போனதே அக்னி நட்சத்திரத்தில்தான். மூன்று வண்டி, ஐந்து பேர். என்னுடையது பழைய 150 சிசி, இன்னொன்று அதேபோல ஒன்று, மூன்றாவது நண்பன் அவன் அக்காவிடம் கடன் வாங்கி வந்த கியர் இல்லாத ஸ்கூட்டர். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று நெடுஞ்சாலையிலேயே போய், பொன்னேரியில் ஏற வேண்டும். ஊரில் 42 டிகிரி என்றால் ஏலகிரியில் எத்தனை இருக்கும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறரை டிகிரி குறையும். ஏலகிரியே ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், நாம் ஏற்கெனவே இருநூறு மீட்டரில் இருக்கிறோம். ஆக 36. அதற்காக நெடுஞ்சாலையில் லாரிப் புகையோடு இரண்டு மணி நேரம் வெந்து போகிறோம், திரும்பும்போது மறுபடி இரண்டு மணி நேரம். கணக்கு போட்டால் நஷ்டம்தான்.

அதோடு விடுமுறைக் கூட்டம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் கார்கள் வரிசை கட்டி நிற்க, முதல் கியரிலேயே கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். இறங்கும்போதுதான் ஸ்கூட்டர்காரன் மாட்டினான். கியர் வண்டியை இரண்டாவதில் போட்டால் இன்ஜினே பாதி பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்த வசதி பெயரளவுக்குத்தான், முழுக்க முழுக்க பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அவன் பத்துப் பன்னிரண்டு வளைவுகளையும் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கியிருக்கிறான். திடீரென்று ஒரு கருகல் வாடை. "டேய், லிவர் ஹேண்டில் வரைக்கும் வருதுடா" என்று கத்தினான். ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டோம். அது எந்த வள்ளலின் வளைவு என்று போர்டைப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. டிரம் ஆறுவதற்கு அரை மணி நேரம், அதுவும் அந்த வெயிலில். ஆம்பூர் வந்து பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டோம். அந்த நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

ஆடி, ஆவணி, புரட்டாசி பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் பகலில் பெய்யாது. சாயங்காலம் மேற்கே கறுத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்குள் அடிவாரம் வந்துவிட்டால் இந்த மூன்று மாதமும் தாராளமாகப் போகலாம். ஒன்றே ஒன்று: பல நாள் கழித்து வரும் முதல் தூறலில் ரோட்டுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட ரோட்டை நம்பலாம், லேசாக நனைந்த ரோட்டை நம்பக்கூடாது. புரட்டாசியில் மலையோரம் கூடை கூடையாகச் சீத்தாப்பழம் வைத்து விற்பார்கள். ஆனால் அந்த மாதம் ஆம்பூரில் நிறுத்த முடியாது. எங்கள் வீட்டில் தெரிந்தால் அவ்வளவுதான்.

கார்த்திகைக்கு வருவோம். போட்டோவில் பார்த்தால் இதுதான் சிறந்த பருவம். ஜவ்வாது மலை முழுக்கப் பச்சை, பாறை விட்ட இடமெல்லாம் தண்ணீர். அமிர்தி வழியாக ஏறி நம்மியம்பட்டு, அங்கிருந்து ஜமுனாமரத்தூர் என்று நானும் ஒரு நண்பனும் ஒரே வண்டியில் புறப்பட்டோம். காலையில் மழை விட்டிருந்தது. காட்டுக்குள் ரோடெல்லாம் அழுகிய இலை. மேலிருந்து உருண்டு வந்த கற்கள் வளைவுக்கு வளைவு கிடந்தன. வேகம் இருபதைத் தாண்டவில்லை.

ஓரிடத்தில் தரைப்பாலம். அதன் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவுகூட இருக்காது என்று தோன்றியது. நண்பன் இறங்கி நடந்து பார்க்கிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டான். அந்தப் பக்கம் கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒரு பெரியவர், இரண்டு ஆடுகளோடு குந்தியிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தம்பி, கால வெக்காத. வண்டியத் திருப்பு."

"மழ விட்டுடுச்சே பெரியவரே?"

"உனக்கு விட்டுச்சி. மேல விட்டுச்சான்னு கேட்டியா?"

அதற்குப் பதில் இல்லை. சரி, பார்ப்போம் என்று வண்டியை ஓரங்கட்டி நின்றோம். கால் மணி நேரத்தில் தண்ணீர் இன்னும் ஏறியது. தரைப்பாலத்தின் ஓரக் கல் ஒவ்வொன்றாக மறைந்தது. ஒரு முழு மரக்கிளை, இலையோடு, சுழன்றுகொண்டே வந்து பாலத்தில் இடித்துத் தாண்டிப் போனது. நண்பன் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டான். பெரியவர் ஆடுகளோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார், வடியும்போது வடியட்டும் என்பதுபோல. நாங்கள் திரும்பினோம். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மழை மேகம் இருந்தால் ஐந்துக்கே விளக்குப் போட வேண்டும். அமிர்தி வந்து சேரும்போது கும்மிருட்டு. பார்த்தது ஒரு தரைப்பாலம் மட்டும்.

மார்கழியை விட்டுவிடுகிறேன். மலை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் நெடுஞ்சாலை இருக்கிறது. பனிக்குள் பின்விளக்கு இல்லாமல் ஓரம் நிற்கும் லாரி பத்தடிக்கு முன்னால்தான் தெரியும்.

கடைசியில் எனக்கு அமைந்தது தை. பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, அவசரமில்லாமல் ஏழரைக்கு மறுபடி ஜவ்வாது மலைக்கே கிளம்பினேன். விடியற்காலை எழும் கட்டாயம் இல்லாத ஒரே பருவம் இதுதான். பனி எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிட்டது. வாணியம்பாடியில் இடது பக்கம் திரும்பி ஆலங்காயம் போய் டேங்க்கை நிரப்பினேன். மலையில் பங்க்கைத் தேடிக்கொண்டு அலையக்கூடாது.

ஆலங்காயம் தாண்டியதும் ஒரு திருப்பத்தில் ரோடே காணோம். ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். அறுத்த செடியை ரோட்டில் போட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தாமாகவே காய் உடைந்துவிடும்; ஆள்கூலி மிச்சம். நம் ஊர்களில் தை, மாசியில் எங்கும் பார்க்கிற காட்சிதான். காருக்கு ஒன்றுமில்லை. பைக்குக்கு அது உருளைக் குண்டு மேல் ஓட்டுவது மாதிரி. மேலே காய்ந்த செடித் தாள், அடியில் உதிர்ந்த கொள்ளு. நான் பண்ணிய தப்பு, பார்த்ததும் முன் பிரேக்கைத் தொட்டது. சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போக, நான் பொத்தென்று அந்தக் குவியலிலேயே விழுந்தேன். மெத்தை மாதிரிதான் இருந்தது. முட்டியில் மட்டும் சிராய்ப்பு.

முறத்தோடு நின்றிருந்த அம்மா ஓடிவந்து என்னைத் தூக்குவார் என்று பார்த்தால், நேராக வண்டிக்குப் போனார். "மொதல்ல சைலன்சர்ல இருக்கிற தாளப் புடுங்கு சாமி, பத்திக்கப் போவுது!" அவர் சொன்னது சரி. சூடான சைலன்சரில் இரண்டு பிடி காய்ந்த தாள் சுற்றிக்கொண்டு ஏற்கெனவே புகைய ஆரம்பித்திருந்தது. குச்சியால் இழுத்துப் போட்டோம். அப்புறம்தான் என் முட்டியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். ரோட்டில் காய வைக்கலாமா என்று சண்டை போட வந்த வாய், தண்ணீர் குடித்ததும் அடங்கிவிட்டது.

மேலே ரோடு காய்ந்து சுத்தமாக இருந்தது. வளைவில் வண்டியைச் சாய்க்க நம்பிக்கை வந்தது. மூன்றாவது கியரில், இன்ஜின் சத்தம் ஏறாமல், பாட்டுப் பாடிக்கொண்டு போகலாம். மதியம் ஒரு மணி வெயிலிலும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. பீமன் அருவியில் தண்ணீர் கார்த்திகை மாதிரி முழங்கவில்லை, ஆனாலும் குளிக்கத் தாராளமாக விழுந்தது. ஜமுனாமரத்தூரில் சாமை அரிசி இரண்டு கிலோ வாங்கிப் பையில் திணித்தேன்.

சாயங்காலம் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் விடுகிறார்கள். போகுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. மழை மாதங்களில் மேகம்தான் மிச்சம், தையிலிருந்து வானம் தெளிந்துவிடும். அன்றைக்கு அவர்கள் வைத்திருந்த ஒரு சின்னத் தொலைநோக்கியில் வரிசையில் நின்று நிலாவைப் பார்த்தேன். வெளியே வந்து வண்டி விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றதில்தான் வானத்தில் எவ்வளவு கூட்டம் என்று தெரிந்தது. வேலூரில் இருபது முப்பது நட்சத்திரத்துக்கு மேல் எண்ணியதில்லை.

ஆக என் கணக்கில், தை முதல் வாரத்திலிருந்து மாசி நடு வரை. அதற்குப் பிறகு காடு இலை உதிர்த்துக் காய்ந்து, தீப்பிடிக்கிற காலம் தொடங்கிவிடும். டீக்கடையில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரி மாப்ள, இப்ப சுடுதே, இப்ப என்ன பண்றது?" என்றான் ஸ்கூட்டர்காரன்.

தையில் மலையிலிருந்து வந்த மறுநாள் வண்டியைக் கழுவினேன். செயின் கவரைத் தட்டியபோது கொள்ளு உதிர்ந்துகொண்டே இருந்தது, கிட்டத்தட்ட ஒரு கைப்பிடி. அம்மா அதைப் பொறுக்கி, கிரீஸ் படாததாகப் பார்த்து எடுத்து, வீட்டில் இருந்ததோடு சேர்த்து ஊறப்போட்டார். ராத்திரி ரசம்.